ஆறு பொத்தான்களும் அரை மணித்தியாலமும்

நமது சேவைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எதையாவது எழுதித் தரும்படி நலன்புரிச் சங்கத்தார் கேட்டார்கள். எதை எழுதுவது என்று எனக்கு அதிகம் யோசனை இருக்கவில்லை. மற்றவர்கள் தாங்கள் வென்ற கதைகளை எழுதுவார்கள், எழுதட்டும். நான் ஒருமுறை மறந்துபோன ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். மறந்ததை எப்படி எழுதுவது என்று கேட்கவேண்டாம், அதுதான் கதையே.

நீதிமன்ற உரைபெயர்ப்பாளரின் வேலை உங்களுக்குத் தெரியும். சாட்சி தமிழில் சொல்வதை நீதவானுக்குச் சிங்களத்தில் சொல்லவேண்டும், நீதவான் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்லவேண்டும். உங்களுக்கு இரண்டு மொழியும் என்னைவிட நன்றாகவே தெரியும், பரீட்சை எழுதி வந்தவர்கள். ஆகவே அந்தப் பக்கம் நான் வரவில்லை. ஒருவர் பேசி முடியும்வரை அவர் சொன்னதையெல்லாம் தலைக்குள் தாங்கிக்கொண்டு நிற்கிறோமே, அந்த நிற்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் எங்களுக்குள் ஒரு வீம்பு இருந்தது. சாட்சியை இடையில் நிறுத்தக்கூடாது, குறிப்பும் எடுக்கக்கூடாது. அவர் எவ்வளவு நேரம் பேசினாலும் பேசவிட்டு, கடைசியில் முழுவதையும் ஒரே மூச்சில் கொண்டுபோய் நீதவானின் மேசையில் வைக்கவேண்டும். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நாங்களாக வைத்துக்கொண்ட வெறும் பெருமை, கெப்பர் அது. எங்களுக்கு மூத்த ஒருவர் சட்டைப்பையில் சின்னக் கொப்பி ஒன்று வைத்து, சாட்சி சொல்லச் சொல்லக் கிறுக்கிக்கொண்டிருப்பார். அவருக்குக் ‘கொப்பி மாஸ்டர்’ என்று பட்டம் வைத்துச் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் என் பங்கு கொஞ்சம் அதிகம்.

நான் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். சாட்சி ஒரு விஷயம் சொன்னால் ஒரு விரலை மடக்குவேன். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் மறுபடி விரித்து இரண்டாம் சுற்று. ஒருமுறை ஒரு மரக்கறி வியாபாரி மூச்சுவிடாமல் பேசி முடித்தபோது எனக்கு மூன்று சுற்று ஓடியிருந்தது. ஒன்றும் சிந்தாமல் சொல்லி முடித்தேன். அன்று வக்கீல்மார் தங்களுக்குள் பார்த்துத் தலையாட்டியதை இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் கொஞ்சம் உயரம் கூடும். ‘மிஸ் நின்றால் ஒரு சொல் தவறாது’ என்று பெயர் வந்துவிட்டது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டார்கூட, எதையாவது வைத்த இடம் மறந்துவிட்டால் என்னிடம் வந்து கேட்பார்கள், ஏதோ நான்தான் எடுத்து வைத்ததுபோல.

ஐம்பத்தைந்து தாண்டியபிறகு நேரம் என்னோடு விளையாடத் தொடங்கியது. அப்போது நான் வெள்ளவத்தைக்கு வீடு மாறியிருந்தேன். மீன்காரர், “மிஸ்ஸக் கண்டு ரெண்டு மாசமாச்சே” என்பார். போன கிழமைதானே வந்தேன் என்று நான் சண்டைக்குப் போவேன். பல் டொக்டர் ஆறு மாதத்தில் வரச்சொன்னார், நானும் நல்ல பிள்ளையாக ஆறு மாதத்தில் போனேன். கார்ட்டைப் பார்த்தால் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு இரண்டே நிமிடம் என்று தங்கையோடு போனில் கதைப்பேன், திரும்பி வந்தால் பால் அடுப்பைக் குளிப்பாட்டிவிட்டு ஆறிப்போயிருக்கும். வேலைக்கு வந்த முதல் வருஷம் மட்டும் முடியவே மாட்டேன் என்று இழுத்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அன்றைக்கு எல்லாமே புதிது, ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு முகம். கடைசி வருஷங்களில் திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் இரட்டைப் பிள்ளைகள்போல் இருந்தன, எதை எண்ணுவது?

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேனே தவிர, வேலையோடு சேர்த்து யோசிக்கவில்லை. காரணம், பழைய ஞாபகம் எனக்கு அப்படியே இருந்தது. முப்பது வருஷத்துக்கு முந்திய வழக்கில் சாட்சி என்ன நிறச் சேலை கட்டியிருந்தார் என்றுகூடச் சொல்வேன். அலுமாரி நிறைந்திருக்கிறது, ஆகவே கையும் திடமாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அலுமாரியில் அடுக்கி வைத்திருப்பது வேறு, இந்த நிமிடத்தில் கையில் ஏந்தி நிற்கக்கூடியது வேறு. கை சிறுத்துக்கொண்டு வந்ததை நான் கவனிக்கவில்லை. அது வலித்தால்தானே கவனிப்பதற்கு.

ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது அந்த வழக்கு வந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு சந்தியில் ஓட்டோ ஒன்று வயதான ஒருவரை இடித்து, காலை முறித்துவிட்டு, நிற்காமல் போய்விட்டது. நேரம் பின்னேரம் நாலு மணிக்குச் சற்று முன். யாரோ இலக்கத்தகட்டில் பாதியைப் பார்த்திருந்தார். அந்தப் பாதி, ரவி என்ற ஓட்டோக்காரருடைய இலக்கத்தோடு பொருந்தியது. ரவி ஹட்டன் பக்கம் இருந்து வந்து கொழும்பில் ஓட்டோ ஓடுகிறவர், முப்பது வயதிருக்கும், ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பன். குற்றவாளி என்று தீர்ந்தால் சாரதி அனுமதிப்பத்திரம் போகும், சிறையில் மறியல் இருக்கவும் வேண்டி வரலாம். அந்த நேரத்தில் தான் நூர்ஜஹான் உம்மா வீட்டில் இருந்ததாக அவர் சொன்னார். வேறு சாட்சி கிடையாது, உம்மா ஒருவர்தான்.

நூர்ஜஹான் உம்மா தெமட்டகொடையில், தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான குடியிருப்பில், ஒடுங்கிய வீடொன்றில் தையல் வேலை செய்கிறவர். எழுபத்தைந்துக்குக் குறையாது. சாட்சிக் கூட்டில் ஏறியதும் என்னைப் பார்த்து, “மகள், சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. உம்மா என்ன கேட்டார் என்று நீதவான் விசாரித்தார், சொன்னேன், அவரும் சிரித்துவிட்டார். இளம் நீதவான், சிரித்தாலும் கண் கறாராக இருக்கும்.

ரவி எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார் என்று வழக்கை நடத்திய பொலிஸ் இன்ஸ்பெக்டர் கேட்டார். உம்மா தொடங்கினார். நான் வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டேன். அவர் முடித்ததும் சிங்களத்தில் சொன்னேன்: அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்த கையோடு ரவி வந்தார். மகளின் பள்ளிக்கூடச் சட்டையை வாங்க வந்தார். சட்டை தைத்திருந்தது, பொத்தான் மட்டும் வைக்கவில்லை. இருக்கச் சொல்லிவிட்டு ஆறு பொத்தான் வைத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். அரை மணித்தியாலம் இருந்திருப்பார்.

பாங்கு மூன்றரை மணி அளவில். அரை மணித்தியாலம் இருந்தால் விபத்து நேரத்தில் ரவி உம்மா வீட்டில் இருந்தார் என்று ஆகும். இன்ஸ்பெக்டர் அவசரப்படவில்லை.

“அம்மா எத்தனை வருஷமாகத் தைக்கிறீர்கள்?”

“அம்பது வருஷம் ஈக்கும்.”

“ஆறு பொத்தான் வைக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?”

உம்மாவுக்கு அது தொழில் மானத்தைத் தொட்ட கேள்வி. “பத்து நிமிஷம் போதும்” என்றார் பெருமையாக.

“அப்படியானால் பத்து நிமிடத்தில் போனவரை அரை மணித்தியாலம் இருந்தார் என்று ஏன் சொல்கிறீர்கள்?”

“நான்தான் சொன்னேனே, மகன்.”

“நீங்கள் அரை மணித்தியாலம் என்று சொன்னீர்கள். அது எனக்குக் கேட்டது. ஏன் என்றுதான் கேட்கிறேன்.”

“சொன்னேனே! இவ்வளவு நேரம் அதத்தானே சொன்னேன்!”

இதையெல்லாம் நான் ஒரு சொல் தவறாமல் சிங்களத்தில் சொன்னேன். சொல்லிக்கொண்டே மனதுக்குள், பாவம், வயது போய்விட்டது, சொன்னதையே சொல்கிறார், நேரமும் பிடிபடவில்லை என்று உம்மாவுக்காக இரங்கினேன். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் முகம் சுடுகிறது. இன்ஸ்பெக்டர் சாட்சிக்கு நேரம் பற்றித் தெளிவில்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். ரவியின் வக்கீல் சட்ட உதவியில் வந்த சிங்களப் பிள்ளை, தமிழ் தெரியாது. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. பகல் இடைவேளைக்கு நீதவான் எழும்பினார். வக்கீல் கோப்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இன்னொரு நீதிமன்றத்துக்கு ஓடினார்.

கன்ரீனில் எனக்கு எதிரே சுருக்கெழுத்தாளர் நிலந்தி வந்து அமர்ந்தார். என்னிலும் இருபத்தைந்து வயது இளையவர், வாய்த்துடுக்கு அதிகம், ஆகவே எனக்குப் பிடிக்கும். நாங்கள் இருவரும் சிங்களத்தில்தான் கதைப்போம்.

“மிஸ் இன்றைக்கு எனக்கு நல்ல ஓய்வு தந்தீர்கள்” என்றார். “அந்த அம்மா அவ்வளவு நேரம் பேசினார், நீங்கள் ஆறு வரியில் முடித்துவிட்டீர்கள்.”

“எவ்வளவு நேரம்? அரை நிமிடம் பேசியிருப்பார்.”

“அரை நிமிடமா! அவர் பேசத் தொடங்கியபோது நான் பேனைக்கு மை மாற்றத் தொடங்கினேன். மாற்றி, கை துடைத்து, தண்ணீர் குடித்து, சுவர் மணிக்கூட்டையும் பார்த்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல், மிஸ்.”

அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் கையில் இருந்த சோற்றுப்பிடி கையிலேயே நின்றுவிட்டது. பால் அடுப்பு நினைவுக்கு வந்தது. வீட்டில் இரண்டு நிமிடம் எனக்கு அரை நிமிடமாகத் தெரிந்தால் பால்தான் போகும். இங்கே?

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு உம்மா பேசியதைத் தமிழிலேயே முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். பாங்கு, ரவி, சட்டை, பொத்தான், இருங்க மகன். அதற்கப்புறம் ஒரே வெள்ளை. அந்த வெள்ளைக்கு அடுத்த பக்கத்தில் ரவி எழும்பிப் போகிறார். நான் மடக்கிய விரலையெல்லாம் மறுபடி மடக்கிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உம்மாவின் கையை நினைத்துப் பார்த்தேன். பேசும்போது அவர் கைகள் சும்மா இருக்கவில்லை. ஒரு கையில் எதையோ பிடித்து, மறு கையால் நூல் கோக்கப்போய், முடியாமல் விட்டதுபோல் காட்டினார். பிடித்தது என்ன? மெழுகுதிரி! பட்டப்பகலில் மெழுகுதிரி எதற்கு என்று கேட்டுக்கொண்டதும் மற்றதும் வந்துவிட்டது. கரண்ட் போய்விட்டது. அந்தத் தோட்டத்து வீட்டில் விளக்கு இல்லாவிட்டால் பகலிலும் இருட்டு. வெள்ளைச் சட்டை, வெள்ளை நூல், எழுபத்தைந்து வயதுக் கண். கரண்ட் வரும்வரை ரவி காத்திருந்தார். உம்மா எல்லாவற்றையும் சொன்னார். சொன்னேனே, சொன்னேனே என்று இரண்டு தடவை கத்தியும் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்ற நான்தான் அதை வழியில் போட்டுவிட்டேன்.

எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. இன்னும் ஆறு மாதம், பிறகு மாலை போட்டு, போட்டோ எடுத்து, ஒரு சொல் தவறாதவர் என்று பேசி அனுப்பியிருப்பார்கள். யாருக்கும் தெரியாது. நிலந்திக்கே தெரியாது, அவர் கோழித் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வக்கீலிடம் காதோடு சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அது ஒரு பக்கத்தோடு சேர்ந்த மாதிரி. வழி அதுவல்ல என்று உங்களுக்கே தெரியும். மௌனமாக இருந்தால் பழி உம்மாவின் தலையில், தண்டனை ரவியின் தலையில். அப்படி வரிசைப்படுத்திப் பார்த்ததும் ஏனோ பயம் போய்விட்டது. ஒன்று சொல்லவேண்டும்: இருபத்தைந்து வயதில் இது நடந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அன்று பெயர்தான் எனக்கு எல்லாம். வயது என் கையிலிருந்து சிலதைப் பறித்தாலும், இதைச் செய்யக்கூடிய துணிச்சலைத் தந்தது. அந்தக் கணக்கில் எனக்கு நட்டமில்லை.

நீதவான் மறுபடி வந்து அமர்ந்ததும், யாரும் எழும்ப முன்னர் நான் எழும்பி, நீதவானைச் சிங்களத்தில் மரியாதையாக விளிக்கும் சொல்லோடு தொடங்கினேன்.

“ஸ்வாமீனி, காலையில் சாட்சி சொன்னதில் ஒரு பகுதியை நான் விட்டுவிட்டேன். தவறு என்னுடையது, சாட்சியுடையது அல்ல.”

நிலந்தி பேனையைத் தூக்கியபடி என்னைப் பார்த்தார்.

“என்ன விட்டீர்கள்?” என்று நீதவான் கேட்டார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். எனக்கு நாக்கின் நுனியில் இருந்தது, சொல்லத் துடித்தது. ஆனால் காலையில் ஏமாற்றிய அதே தலையிலிருந்து எடுத்துக் கொடுத்தால் அது எப்படிச் சாட்சியமாகும்? மெழுகுதிரி ஏற்றியது உம்மாவா, என் கற்பனையா என்று நீதவானுக்கு எப்படித் தெரியும்?

“அதை நான் சொல்வது முறையில்லை, ஸ்வாமீனி. சாட்சியிடமே அதே கேள்வியை மறுபடி கேட்கவேண்டும் என்று தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு வசனத்துக்கும் நான் கையைத் தூக்கி நிறுத்துவேன்.”

இன்ஸ்பெக்டர் எதிர்த்தார். இடைவேளையில் சாட்சிக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நீதவான் அதைப் பதியச் செய்துவிட்டு, கேள்வியை அவரே கேட்டார்.

உம்மா கூட்டில் ஏறினார். ஒரு வசனம் சொல்வார், நான் கை தூக்குவேன், அவர் டக்கென்று நிற்பார், நான் சிங்களத்தில் சொல்வேன், கையை இறக்குவேன், அவர் மறுபடி ஓடுவார். நாலாவது தடவையில் அவருக்கு அது விளையாட்டாகிவிட்டது. நான் கை தூக்கமுன்னரே நின்று, என் கையைப் பார்த்தார். “கரண்ட் போயிட்டு” என்றபோது நான் கையைத் தூக்கினேன். “மெழுகுதிரி வெச்சும் நூல் கோக்கேலாமப் போச்சு.” கை. “இரிங்க மகன், கரண்ட் வரட்டும்னு சொன்னேன்.” கை. “கரண்ட் வந்த பொறகுதான் பட்டன் வெச்சேன்.” கை.

முடிந்ததும் உம்மா என்னைப் பார்த்து, “இப்பதான் சரி மகள். காலைல நான் எக்ஸ்பிரஸ் மாதிரிப் போனேன், நீங்க பம்பலப்பிட்டி ஸ்டேஷன்லயே நின்டுட்டீங்க” என்றார். அதையும் மொழிபெயர்க்கும்படி நீதவான் சொன்னார். சொன்னேன். எனக்குத்தான் அதிகம் சிரிப்பு வந்தது.

மின்சாரம் எப்போது போய் எப்போது வந்தது என்று மின்சார சபையின் குறிப்பைக் கொண்டுவரும்படி சொல்லி வழக்கைத் தள்ளிவைத்தார்கள். உம்மாவின் அரை மணித்தியாலத்தை யாரும் நம்பத் தேவையில்லாமல் போனது அப்படித்தான். எழுபத்தைந்து வயதில் அரை மணித்தியாலம் என்றால் எவ்வளவு என்று உம்மாவுக்கும் தெரியாது, என்னுடைய இரண்டு நிமிடம் எனக்குத் தெரியாததுபோல. கரண்ட் போன நேரம் மட்டும் யாருடைய வயதையும் பார்க்காது. விபத்து நடந்த அன்று உம்மாவின் தெருவில் மின்சாரம் பாங்குக்குச் சற்றுப் பின் போய், நாலு மணி கடந்துதான் திரும்பியிருந்தது. ரவி விடுதலையானார்.

அன்று நீதிமன்ற வாசலில் ரவி என்னிடம் வந்தார். வழக்கு முடிந்துவிட்டது, ஆகவே நின்று கதைத்தேன். நன்றி சொல்லவேண்டாம், தவறு என்னுடையது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க மிஸ்.”

“என்ன தெரியும்?”

“உம்மா கரண்ட் போன கதைய சொன்னத நான் கேட்டேன். நீங்க சிங்களத்துல சொல்றப்ப அது வரல. எனக்கு ரெண்டு பாசையும் தெரியுமுங்களே.”

“பிறகேன் சொல்லவில்லை? கையைத் தூக்கியிருக்கலாமே!”

“இல்லீங்க மிஸ்... ஒரு சொல்லும் விடமாட்டாங்கன்னு எல்லாரும் உங்களப் பத்திச் சொல்றாங்க. அதுனால எனக்குத்தான் சரியா காது கேக்கலன்னு நெனச்சிக்கிட்டேன்.”

மறியலுக்குப் போகிற நேரத்திலும் அந்த மனிதர் என்னைச் சந்தேகிக்கவில்லை, தன் காதைச் சந்தேகித்தார். அவருக்குமுன் எத்தனைபேர் இப்படி நின்று வாயை மூடிக்கொண்டு போனார்களோ, எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் வராது.

ஓய்வு பெறும்வரை மிச்சமிருந்த நாளெல்லாம் நீதவானின் அனுமதியோடு ஒவ்வொரு வழக்கிலும் தொடங்குமுன் இரண்டு மொழியிலும் ஒன்று சொன்னேன்: “நான் எதையாவது விட்டால், தயவுசெய்து சொல்லுங்கள்.” முதல் கிழமையிலேயே மூன்று பேர் சொன்னார்கள்.